அந்த ஏழு கலர் குருவி ஏஐ படம் இல்லைங்க

பச்சைத் தலை, ஊதா தொண்டை, நீல வயிறு, கருப்பு முதுகு, செக்கச்செவேல்னு இடுப்புன்னு ஒரு குருவி படம் வாட்ஸ்அப்ல சுத்துது, கீழ "இது ஏஐ, இப்படி ஒரு பறவையே கிடையாது"ன்னு ஒரு குரூப்பும், "உலகத்துல மொத்தமே 50 தான் மிச்சம், ஷேர் பண்ணுங்க"ன்னு இன்னொரு குரூப்பும் அடிச்சிக்குது. ரெண்டுமே தப்பு.

இது பாரடைஸ் டானேஜர். அமேசான் காட்டுல பெரு, ஈக்வடார், பிரேசில், பொலிவியா, கயானான்னு பல நாட்டுல இருக்கு. 14 செ.மீ. தான் நீளம், உசந்த மரத்து உச்சியில மத்த குருவிங்களோட கும்பலா பழம், பூச்சி தேடிக்கிட்டு திரியும். உலக அளவுல எந்த உயிரினம் அழியுற ஆபத்துல இருக்குன்னு கணக்கு வைக்கிற ஐயூசிஎன் அமைப்போட லிஸ்ட்ல இது அழியுற நிலைமையில இருக்கிற இனமே இல்ல, ரொம்ப கவலைப்பட வேண்டாத வகைலதான் வச்சிருக்காங்க.

ஆண் மட்டும்தான் கலரு, பெண் பழுப்புன்னும் போட்டிருந்தாங்க, அதுவும் சும்மா, ரெண்டும் பார்க்க கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும்.

கலர் ஏன் போலி மாதிரி பளிச்சுன்னு தெரியுதுன்னா, நீலம் சாயமே இல்ல, இறகுக்குள்ள இருக்கிற நுண்ணிய அமைப்புல பட்டு வெளிச்சம் சிதறுறதுதான், அந்த இறகை நசுக்கிட்டா நீலம் போயி மங்கலாயிடும். சிவப்பு நிஜ சாயம்தான், சாப்பாட்டுல இருந்து வர்ற கரோட்டினாய்டு (நம்ம கேரட்ல இருக்கே அதே குடும்பம்).

சில படத்துல கலரை எடிட்ல ஏத்தியிருக்காங்கதான், அதுக்காக பறவையே பொய்னு சொல்லாதீங்கப்பா.