ஒரிஜினல் லைசென்ஸைக் கொடுத்துவிடாதீர்கள்

ஹெவி லைசென்ஸ் இருந்தால் மறுநாளே லாரி வேலை என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். அவ்வளவு சுலபம் இல்லை. ஹெவி லைசென்ஸ் எடுக்கவே 20 வயது ஆகியிருக்க வேண்டும், கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் முடிந்திருக்க வேண்டும். அப்புறம் பயிற்சி. லோடு வண்டியில் கை பழக்குகிறார்களா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். என் அண்ணன் மகன் பழகியது காலி வண்டியில்தான். முதல் லோடோடு கடலூர் முதுநகரில் பிரேக்கை மிதித்தான், நினைத்த இடத்தைத் தாண்டிப் போய்த்தான் நின்றது. கை நடுங்கிக்கொண்டே போன் செய்தான்.

எங்கள் சிப்காட் தொழிற்பேட்டை பக்கம் கெமிக்கல் டேங்கர் ஓட்ட 3 நாள் பயிற்சி முடித்து லைசென்ஸில் தனியாகப் பதிய வேண்டும். தம்பிகளே, அதையும் எடுத்து வையுங்கள்.

என் அண்ணன் மகனுடைய முதல் முதலாளி ஒரிஜினல் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு, விலகும்போது இரண்டு மாதம் அலையவிட்டார். சேரும் முன் அங்கே ஓட்டுகிற டிரைவரிடம் டீக்கடையில் பேசுங்கள். பேட்டா, அதாவது வழிச்செலவுப் பணம், கிளம்பும்போதே கைக்கு வருகிறதா என்று அவர் சொல்லிவிடுவார்.