மேல் பரப்பும் அடிப்பரப்பும் மட்டும் போதாது: கொள்ளளவு பற்றிய உண்மை விளக்கம்

"அடிப்பரப்பையும் மேல் பரப்பையும் கூட்டி, இரண்டால் வகுத்து, உயரத்தால் பெருக்குங்கள். எந்தக் கோணல்மாணலான தொட்டிக்கும் சரியான கொள்ளளவு கிடைத்துவிடும்" என்று ஒரு குறிப்பு பகிரப்படுகிறது. இது தவறு.

கூம்பு வடிவக் கூடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அடிப்பரப்பு 6 சதுர மீட்டர், உயரம் 3 மீட்டர், உச்சி வெறும் புள்ளி. அந்தக் குறிப்பின்படி 9 கன மீட்டர். உண்மையில் 6 தான். கோளத்துக்கோ மேலும் கீழும் பரப்பு பூஜ்ஜியம் என்பதால் விடையே பூஜ்ஜியமாகிவிடும்! உயரத்தோடு பரப்பு சீராக, நேர்கோட்டில் மாறும்போது மட்டுமே அந்தக் கணக்கு பொருந்தும்.

நடு உயரத்தின் பரப்பையும் அளந்துவிட்டால் நிலைமை வெகுவாக மாறுகிறது. அதை நான்கால் பெருக்கி, மேல், கீழ்ப் பரப்புகளோடு கூட்டி, ஆறால் வகுத்து, உயரத்தால் பெருக்க வேண்டும். கூம்புக்கு நடுப்பரப்பு 1.5, விடை சரியாக 6. கோளத்துக்கும் துல்லியமாக வரும். அழகான சூத்திரம் இது. மேடுபள்ளம் அதிகமென்றால் பல அடுக்குகளாகப் பிரித்து இதையே செய்யலாம்.

சரி, உள்ளே நுழையவே முடியாத வெற்றிடம் என்றால்? தண்ணீர் ஊற்றி அளக்கலாம். நனையக்கூடாது என்றால் காற்று உதவும். 1662இல் விஞ்ஞானி ராபர்ட் பாயில் வெளியிட்ட விதிதான் அடிப்படை: வெப்பநிலை மாறாதவரை, ஒரு வாயுவின் அழுத்தத்தைக் கன அளவால் பெருக்கினால் வரும் விடை மாறாது. 3 வளிமண்டல அழுத்தமுள்ள 10 லிட்டர் கலனை, 1 வளிமண்டல அழுத்தத்தில் உள்ள அந்த வெற்றிடத்தோடு இணையுங்கள். அழுத்தம் 1.5இல் நின்றால் கொள்ளளவு 30 லிட்டர். கசிவு இருக்கக்கூடாது, வெப்பநிலை பழைய நிலைக்குத் திரும்பிய பிறகே அளவைப் படிக்க வேண்டும்.