கோப்புகளைக் காப்பவர்களுக்கும் சம்பளம் வேண்டும்

“அறிக்கை மேல் அறிக்கை விடுகிறார்களே, அதனால் யாராவது ஜெயிலுக்குப் போனார்களா?” மனித உரிமை அமைப்புகளைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே இந்தக் கேள்வி வந்து விழும். கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் பதில் இருக்கிறது. போனார்கள். ஆப்பிரிக்காவில் உள்ள சாட் நாட்டை 1982 முதல் 1990 வரை ஆண்ட இசேன் ஹாப்ரேவுக்கு, மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களுக்காக 2016 மே 30 அன்று செனகல் தலைநகர் டக்காரில் ஆயுள் தண்டனை விதித்தார்கள். 2021-இல் கைதியாகவே இறந்தார்.

அந்த வழக்கு எங்கே தொடங்கியது என்று தேடிப் போனால் ஒரு கணக்கர் வந்து நிற்கிறார். சுலைமான் கெங்கெங். 1988-இல் ஹாப்ரேயின் ஆட்கள் அவரைப் பிடித்துப் போனார்கள். உடனிருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சாவதைச் சிறைக்குள் பார்த்தவர், உயிரோடு வெளியே போனால் நீதி கேட்காமல் விடமாட்டேன் என்று சபதம் எடுத்தார். 1990 டிசம்பரில் ஹாப்ரே செனகலுக்கு ஓடியதும் சிறைக்கதவு திறந்தது. மற்ற பாதிக்கப்பட்டவர்களோடு சேர்ந்து 792 பேருக்கு நடந்ததை எழுதி வைத்தார். ஆட்சி மாறினாலும் ஹாப்ரேயின் ஆட்கள் பலர் பதவியில் இருந்தார்கள். அதனால் அந்தக் கோப்புகளை வருடக்கணக்கில் வீட்டிலேயே ஒளித்து வைத்திருந்தார். 2000-இல் டக்காரில் புகார் கொடுக்க முடிந்தது என்றால், அந்தக் கோப்புகளுக்கு அதில் பெரும் பங்கு உண்டு.

அடுத்த வருடம் இன்னொன்று நடந்தது. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பின் ரீட் பிராடியும் அவருடைய சகாவும் சாட் தலைநகர் என்ஜமினாவில் கைவிடப்பட்டுக் கிடந்த பழைய அரசியல் போலீஸ் அலுவலகத்துக்குள் போனார்கள். தரை முழுக்கக் காகிதம். கைதிகளின் தினசரிப் பட்டியல், விசாரணைக் குறிப்பு, இறப்புச் சான்றிதழ். அவற்றைத் தாள் தாளாகப் பிரித்துக் கணினியில் ஏற்றியபோது 12,321 பேரின் பெயர்கள் கிடைத்தன. அவர்களில் 1,208 பேர் காவலில் இறந்தவர்கள். இன்னொரு எண்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 898 கைதிகளைப் பற்றி ஹாப்ரேவுக்கே நேரடியாக 1,265 தகவல்கள் போயிருக்கின்றன. “கீழே நடந்தது எனக்குத் தெரியாது” என்று எந்த ஆட்சியாளரும் சொல்லித் தப்ப முடியாதபடி செய்வது இப்படிப்பட்ட எண்ணிக்கைதான். யாரோ உட்கார்ந்து ஒவ்வொரு தாளிலும் அனுப்புநர், பெறுநர், தேதி பார்த்துப் பதிந்திருக்கிறார்கள். அவர்கள் பெயர் எந்தத் தலைப்புச் செய்தியிலும் வராது.

எழுதி வைக்கப்படாத சாவுகளை என்ன செய்வது? தென் அமெரிக்க நாடான பெருவில் 1980 முதல் 2000 வரை நடந்த உள்நாட்டு மோதலை விசாரித்த உண்மை ஆணையத்துக்கு இந்தச் சிக்கல் வந்தது. பல அமைப்புகள் தனித்தனியாகப் பட்டியல் வைத்திருந்தன. எல்லாவற்றையும் சேர்த்தாலும் பெயர் தெரிந்தவர்கள் சுமார் 24,000 பேர். பேட்ரிக் பால் என்ற ஆய்வாளரின் குழு அந்தப் பட்டியல்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டது. ஒரே பெயர் பல பட்டியலிலும் திரும்பத் திரும்ப வந்தால், விடுபட்டவர்கள் குறைவு. ஒவ்வொரு பட்டியலிலும் வேறு வேறு பெயர்களாக இருந்தால், எந்தப் பட்டியலுக்குள்ளும் வராமல் போனவர்கள் ஏராளம். இதைக் கணக்காகப் போட்டபோது இறந்தவர்கள் சுமார் 69,280 பேர் என்று வந்தது. ஆணையம் பதிவு செய்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கெச்சுவா போன்ற பூர்வகுடி மொழி பேசியவர்கள். தலைநகரில் யார் காதிலும் விழாமல் போன சாவுகள். ஒரு நாடு தன் இறந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களை எண்ணாமலே இருந்திருக்கிறது என்பதை முதன்முதலில் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை.

மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2005-இல் தலைநகரில் ஒரு கட்டடத்தில் தேசியப் போலீஸின் பழைய ஆவணங்கள் தற்செயலாக அகப்பட்டன. சுமார் 8 கோடிப் பக்கம்! ஈரத்தில் பூஞ்சை பிடித்துக் கிடந்தவற்றைத் தூசி தட்டி, ஸ்கேன் செய்து, அட்டவணை போட்டார்கள். 1984-இல் காணாமல் ஆக்கப்பட்ட தொழிற்சங்க, மாணவர் தலைவர் பெர்னாண்டோ கார்சியாவின் வழக்கில் அந்த ஆவணங்களை ஆதாரமாக வைத்து 2010-இல் இரண்டு போலீஸ்காரர்களுக்குத் தலா 40 வருடம் தண்டனை கிடைத்தது. எல்லாமே இப்படி முடிவதில்லை. அதே நாட்டில் முன்னாள் ராணுவ ஆட்சியாளர் ரியோஸ் மோன்டுக்கு 2013-இல் வந்த இனப்படுகொலைத் தீர்ப்பைப் பத்தே நாளில் ரத்து செய்துவிட்டார்கள்.

இந்த வேலையில் மிகைப்படுத்தலுக்கு இடமே கிடையாது. நூறு பேர் என்பதை இருநூறு என்று எழுதினால் போதும், குற்றவாளித் தரப்பு அந்த ஒரு தவறைப் பிடித்துக்கொண்டு மொத்த அறிக்கையையும் குப்பையில் போட்டுவிடும். “நம்பத்தகுந்த தகவல்களின்படி” என்றெல்லாம் அறிக்கைகள் அடக்கி வாசிப்பதைப் பார்த்துச் சிலர் எரிச்சல்படுகிறார்கள். எனக்கு அந்த நிதானம்தான் பிடிக்கும். பாதிக்கப்பட்டவர் சொன்னது பிற்காலத்தில் நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணையைத் தாங்க வேண்டும் அல்லவா?

சரி, இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வரும்? இங்கேதான் என் ஆதங்கம். நிதி கொடுப்பவர்களில் பெரும்பாலோர் ஒரு வருடம், இரண்டு வருடம் என்றுதான் கொடுக்கிறார்கள். முடிவில் “என்ன சாதித்தீர்கள்?” என்று படிவம் வரும். கெங்கெங் சிறையிலிருந்து வந்த நாளிலிருந்து தீர்ப்பு வரை இருபத்தைந்து வருடம் ஓடிவிட்டது. 1993-இல் அவரிடம் அந்தப் படிவத்தை நீட்டியிருந்தால் என்ன எழுதியிருப்பார்? வீட்டில் ஒளித்து வைத்த கோப்பு எந்தக் கட்டத்துக்குள் வரும்? பிரசாரக் காணொளிக்கும் மாநாட்டுக்கும் கிடைக்கிற பணம், பூஞ்சை பிடித்த தாளைத் துடைப்பவருக்கும் சர்வரைப் பூட்டிக் காப்பவருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் கிடைப்பதில்லை. அவற்றை ‘நிர்வாகச் செலவு’ என்று தள்ளி, அதைக் குறைக்கச் சொல்வார்கள். எனக்கு இது அநியாயமாகப் படுகிறது. அந்தச் செலவுதானே வேலையே!

இப்படிப்பட்ட அமைப்புகளுக்கு நன்கொடை கொடுக்கும் பழக்கம் உள்ளவர்களிடம் கேட்பது இதுதான். இன்ன திட்டத்துக்கு என்று கட்டுப்போடாமல் கொடுங்கள். சின்னத் தொகையானாலும் மாதாமாதம் கொடுங்கள். கொடுக்கும் முன் அவர்களிடம், ஆவணங்களை எங்கே, எப்படிப் பாதுகாக்கிறீர்கள், சாட்சி சொன்னவர்களின் பெயர் வெளியே போகாமல் இருக்க என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்கிறவர்களுக்கு, அந்த வருடம் சொல்லிக்கொள்ளும்படி ஒரு வெற்றியும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அடுத்த வருடமும் கொடுங்கள்.