காம்பில் பூத்த கண்கள்

கிறித்தவ ஓவியங்களில் புனிதர்களின் கையிலிருக்கும் பொருட்கள், எழுத்தறியாத மக்கள் ஆளை அடையாளம் காண்பதற்காக வரையப்பட்டவை என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சாவி இருந்தால் பேதுரு, உடைந்த சக்கரம் இருந்தால் கத்தரீனா. சரிதான். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் ஓவியர்களின் கற்பனை கண்ணில் படாமலே போய்விடும்.

இத்தாலிய ஓவியர் பிரான்செஸ்கோ தெல் கோஸ்ஸா 1470களில் வரைந்த புனித லூசியாவைப் பாருங்கள். இத்தாலியின் பொலோன்யா நகரிலுள்ள சான் பெத்ரோனியோ ஆலயப் பீடத்துக்காக வரைந்தது, இப்போது வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. பிடுங்கப்பட்ட தன் கண்களைத் தட்டில் ஏந்தி நிற்கும் லூசியாவைத்தான் நாம் அதிகம் பார்த்திருக்கிறோம். கோஸ்ஸாவோ மெல்லிய காம்பொன்றின் நுனியில் இரண்டு மொட்டுகள்போல அந்தக் கண்களை வைத்துவிட்டார்! லூசியா அதைப் பூவைப் பிடிப்பதுபோல விரல்களால் பிடித்திருக்கிறார். மறுகையில் வேதசாட்சியின், அதாவது விசுவாசத்துக்காக உயிர்நீத்தவரின், குருத்தோலை. ரோமர்களுக்கு அது வெற்றியின் சின்னம். முகத்திலோ அவருடைய கண்கள் பழுதின்றி இருக்கின்றன.

லூசியா என்ற பெயரே ஒளியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பின்னணி முழுக்கத் தங்கம். சித்திரவதையின் அடையாளம் இங்கே செடியாகத் துளிர்த்துவிட்டது. முதலில் பார்த்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. இப்போது பார்க்கும்போதெல்லாம் அந்த விரல்களிலேயே பார்வை நின்றுவிடுகிறது.