ஒரு வருஷமாவது நிற்க முடியாதவர் பிள்ளைகளுக்கு வழிகாட்ட வர வேண்டாம்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் கோயில் சங்கங்களில் இளைஞர்களுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று பேச்சு வந்தாலே, முடிவாவது ஒரு நாள் நிகழ்ச்சி. சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு ஹால் எடுத்து, ஒரு டாக்டர், ஒரு வக்கீல், ஒரு அக்கவுண்டன்ட்டைப் பேச வைத்து, சாப்பாடு போட்டு அனுப்புவார்கள். நல்ல மனசோடுதான் செய்கிறார்கள். ஆனால் மேடையில் நின்று "எப்ப வேணும்னாலும் போன் பண்ணு" என்று சொன்னவர், அந்தப் பிள்ளை பண்ணும்போது எடுக்காவிட்டால் நிகழ்ச்சி நடக்காமலே இருந்திருக்கலாம்.

இது என் கோபம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் அமைப்பில் 10 முதல் 16 வயது வரையுள்ள 959 பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வு 1995-இல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு உடனே ஒரு பெரியவரைத் துணையாகச் சேர்த்தார்கள். மற்றவர்கள் காத்திருந்தார்கள். ஒன்றரை வருஷம் கழித்துப் பார்த்தால், துணை கிடைத்தவர்கள் புதிதாகப் போதைப்பொருளைத் தொடுவது 46 சதவீதம் குறைவு. இந்த எண்ணை எல்லோரும் சொல்வார்கள். அதே பிள்ளைகளின் விவரங்களை ஜீன் கிராஸ்மனும் ஜீன் ரோட்ஸும் மறுபடி அலசி 2002-இல் எழுதியதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. 12 மாதத்துக்கு மேல் நீடித்த உறவுகளில்தான் பலன் அதிகம். மூன்று மாதத்துக்குள் முறிந்துபோன இடங்களில் பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பைவிடக் கீழே போயிருந்தது. ஏற்கெனவே அப்பா விட்டுப்போன பையனை இன்னொருவரும் விட்டுப்போனால், குறை தன்னிடம்தான் என்று அவன் முடிவு கட்டிவிடுகிறான்.

ஹவாயின் கவாய் தீவும் நம் நேட்டாலைப் போலக் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் கொண்டுவந்த ஊர்தான். 1955-இல் அங்கே பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரின் குழு பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தது. வறுமை, பெற்றோரின் குடி, வீட்டுச் சண்டை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த பிள்ளைகளிலும் மூன்றில் ஒரு பங்கு நன்றாகத் தலையெடுத்தது. அவர்கள் கதையில் திரும்பத் திரும்ப வந்தவர், விட்டுப்போகாத ஒரு பெரியவர். பாட்டி, டீச்சர், பக்கத்து வீட்டுக்காரர், யாராகவும் இருக்கலாம். டர்பனில் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பேரக்ஸில் நம் ஜனங்கள் ஒட்டி ஒட்டி வாழ்ந்த காலத்தில் அப்படிப்பட்டவரைத் தேடவேண்டியதில்லை. இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் சாட்ஸ்வொர்த்துக்குப் பெயர்த்துப் போட்டபின் அந்த அக்கம்பக்கம் கலைந்தது. இப்போது தெரிந்தேதான் கட்டியெழுப்ப வேண்டும்.

எப்படி? ஐம்பது பேரோடு ஆரம்பிக்காதீர்கள். ஆறு பெரியவர், ஆறு பிள்ளைகள் போதும். பேர் கொடுக்கிறவரிடம் முதல் கேள்வி, "அடுத்த 12 மாதம் இதே ஊரில் இருப்பீர்களா, வாரம் ஒரு மணி நேரம் தரமுடியுமா?" தயங்கினால் சாப்பாட்டு வேலையோ கணக்கு வேலையோ கொடுங்கள். கேப் டவுனுக்கு மாற்றல் எதிர்பார்க்கும் நல்ல மனிதரைவிட, எங்கும் போகாத சுமாரான மனிதர் மேல்.

அடுத்தது பின்னணிச் சோதனை. குழந்தைகள் பாதுகாப்புப் பதிவேட்டின் 'பி' பகுதியிலும் (பிள்ளைகளோடு வேலை செய்யத் தகுதியற்றவர்களின் பட்டியல்) பாலியல் குற்றவாளிகளின் தேசியப் பதிவேட்டிலும் அந்த ஆளின் பெயர் இல்லை என்ற கடிதம் கைக்கு வருமுன் பிள்ளையை அறிமுகப்படுத்தக் கூடாது. வாரக்கணக்காகும், சில நேரம் மாதக்கணக்காகும். "நமக்குத் தெரிஞ்ச அங்கிள்தானே" என்பது பதில் இல்லை. பிள்ளைகளுக்குக் கெடுதல் செய்கிறவர்களில் பெரும்பாலோர் தெரிந்தவர்கள்தான். சந்திப்பு எப்போதும் நாலு பேர் பார்க்கும் இடத்தில்: கோயில் தாழ்வாரம், நூலகம், மைதானம். வீட்டில் வேண்டாம், காரில் தனியாக வேண்டாம்.

முதல் ஆறு வாரம் பெரிதாக எதுவும் நடக்காது, பலர் மனம் தளர்வது அங்கேதான். "ஸ்கூல் எப்படி?" என்றால் "ஓகே" என்று வரும். அதோடு முடிந்தது. எதிரெதிரே நாற்காலி போட்டு உட்காருவதை விடுங்கள். கைக்கு வேலை கொடுங்கள். தைப்பூசத்துக்குக் காவடி ஜோடிக்கும்போது இரண்டு பேரும் குனிந்து பூக் கட்டுவார்கள், யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். அப்போதுதான் பிள்ளை, கையிலிருக்கும் நூலைப் பார்த்துக்கொண்டே, "அம்மா இப்ப சாப்பிடறதே இல்ல" என்று சொல்லும். உடனே யோசனை சொல்லாதீர்கள். "எப்பலேர்ந்து?" என்று மட்டும் கேளுங்கள். பிள்ளைக்கு ஆங்கிலம்தான் வரும் என்றால் ஆங்கிலத்திலேயே பேசுங்கள். அந்த ஒரு மணி நேரத்தைத் தமிழ் வகுப்பாக ஆக்கிவிடக் கூடாது.

ரகசியம் காப்பேன் என்று முழுதாக வாக்குக் கொடுக்கவே கூடாது. முதல் நாளே சொல்லிவிடுங்கள்: "யாராவது உன்னைத் துன்புறுத்தினாலோ, நீ உனக்கோ இன்னொருத்தருக்கோ தீங்கு செய்ய நினைச்சாலோ, நான் சொல்லியாகணும். மத்ததெல்லாம் நமக்குள்ள." பாலியல் கொடுமை என்று தெரிந்தால், 2007-ஆம் ஆண்டுப் பாலியல் குற்றச் சட்டப்படி, தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீஸில் சொல்லவேண்டும். குடும்ப மானம் பார்த்து மூடுவது குற்றம். சாக நினைப்பதாகச் சந்தேகம் வந்தால் நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடும் என்ற பயத்துக்கு அடிப்படை இல்லை. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள், வீட்டுக்கும் டாக்டருக்கும் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு உதவும் சைல்ட்லைன் எண் 116, இலவசம். பிள்ளையின் போனிலும் உங்கள் போனிலும் முன்கூட்டியே பதிந்து வையுங்கள். 'ஷுகர்ஸ்' என்ற போதைப்பொருள் பழகிவிட்ட பையனைப் பேசியே மீட்டுவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். அதில் ஹெராயின் இருக்கிறது, நிறுத்தினால் உடம்பு முறுக்கிப் போடும், அவனுக்கு மருத்துவம் வேண்டும். உங்கள் வேலை அவனோடு கிளினிக் வரிசையில் நிற்பது.

பேச்சைத் தாண்டிச் சில நாட்களில் கூட இருந்தே ஆகவேண்டும். கிரேடு 9 முடிவில் கணிதமா, கணித எழுத்தறிவா (அன்றாடக் கணக்கு அளவிலான எளிய பாடம்) என்று பிள்ளை தேர்ந்தெடுக்கும். பயந்துபோய் இரண்டாவதை எடுத்தால் பொறியியலும் மருத்துவமும் பெரும்பாலும் அங்கேயே கைநழுவும், வீட்டில் பலருக்கு இது மூன்று வருஷம் கழித்துத்தான் தெரிகிறது. டிசம்பர் விடுமுறையில் சந்திப்பு நின்றுபோய் உறவே அறுந்துவிடுகிறது, அதனால் வாரம் ஒரு போனாவது இருக்கட்டும். ஜனவரியில் மெட்ரிக் (கிரேடு 12) முடிவு வரும் அன்று, மார்க் எதுவானாலும், காலையிலேயே கூப்பிடுங்கள்.

பெரியவர்களுக்கும் ஆள் வேண்டும். ஆறு ஜோடிக்கு ஒரு ஒருங்கிணைப்பாளர், மாதம் ஒரு முறை ஒவ்வொருவரோடும் அரை மணி நேரம். பிள்ளையின் பெற்றோரையும் ஒருங்கிணைப்பாளரே பார்ப்பார். எங்கே போனார்கள், என்ன செய்தார்கள் என்று சொல்வார், பிள்ளை பேசியதைச் சொல்ல மாட்டார். இவர் இல்லாத திட்டங்களே பாதியில் நின்றுபோகின்றன. சங்கத்தில் செலவுக்கு இருப்பது சொற்பம் என்றால், ஹால் வாடகையை விட்டுவிட்டு இவருடைய பெட்ரோலுக்குக் கொடுங்கள்.

அப்படியும் ஒருவர் விலகவேண்டி வந்தால், வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிட்டுப் போகக் கூடாது. குறைந்தது மூன்று சந்திப்புக்கு முன்னால் நேரில் சொல்லவேண்டும். காரணத்தையும், அது பிள்ளையால் இல்லை என்பதையும் வாய்விட்டுச் சொல்லவேண்டும். அடுத்து வருபவர் கடைசி இரண்டு சந்திப்பிலும் கூடவே இருக்கவேண்டும்.