வட அயர்லாந்தின் 2024: ஆடுகளத்தில் நடப்பது சட்டமன்றத்தில் ஏன் நடக்கவில்லை?

வட அயர்லாந்து என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது இன்னமும் வெடிகுண்டும், ஐஆர்ஏ என்ற ஆயுதக் குழுவும், பெல்ஃபாஸ்ட் தெருக்களில் நின்ற பிரிட்டிஷ் ராணுவமும்தான். 1998-இல் கையெழுத்தான புனித வெள்ளி ஒப்பந்தத்தோடு அந்தக் காலம் பெரும்பாலும் முடிந்துவிட்டது. இப்போதைய சிக்கல் வேறு. 2024-ஐ அரசியல், பண்பாடு, விளையாட்டு மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் அது பளிச்சென்று தெரியும். தன் அடையாளத்தை அவரவரே தேர்ந்துகொள்ள விடும் அமைப்புகள் அங்கே நன்றாக ஓடுகின்றன. அடையாளத்தைப் பதிவேட்டில் எழுதி வாங்கிக்கொண்டு அதை வைத்து ஓட்டு எண்ணும் அமைப்பு அடிக்கடி முடங்கிப்போகிறது. இதுதான் என் கருத்து.

முதலில் அரசியல். 2022 பிப்ரவரியில் பிரிட்டனோடு சேர்ந்தே இருக்க வேண்டும் என்னும் யூனியனிஸ்ட் கட்சியான டியூபியின் முதல் அமைச்சர் பால் கிவன் ராஜினாமா செய்தார். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் விலகிய பிரெக்ஸிட்டுக்குப் பிறகு, பிரிட்டனிலிருந்து வட அயர்லாந்துக்கு வரும் சரக்குகளுக்குத் துறைமுகத்தில் சோதனை வந்ததை எதிர்த்து எடுத்த முடிவு அது. அங்கே முதல் அமைச்சருக்கும் துணை முதல் அமைச்சருக்கும் அதிகாரம் சரிசமம். ஒருவர் விலகினால் மற்றவரின் பதவியும் தானாகப் போய்விடும். அப்படித்தான் முழுத் தீவும் ஒரே அயர்லாந்தாக வேண்டும் என்னும் நேஷனலிஸ்ட் கட்சியான ஷின் ஃபேனின் மிஷெல் ஓ'நீலின் துணை முதல் அமைச்சர் பதவியும் போனது. அந்த மே மாதத் தேர்தலில் ஷின் ஃபேன் 27 இடம் பிடித்து முதலிடம் வந்தது. நேஷனலிஸ்ட் கட்சி ஒன்று முதலிடம் வந்தது அதுவே முதல் தடவை. ஆனால் ஆட்சி அமைக்க முடியவில்லை, சபாநாயகரைக்கூடத் தேர்ந்தெடுக்க முடியவில்லை.

ஏன் என்பதற்குக் கணக்கைப் பார்க்க வேண்டும். 18 தொகுதிகள், தொகுதிக்கு 5 பேர், மொத்தம் 90 உறுப்பினர்கள். ஒவ்வொருவரும் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போதே தான் யூனியனிஸ்ட்டா, நேஷனலிஸ்ட்டா, 'மற்றவர்' என்ற மூன்றாவது பிரிவா என்று எழுதித் தர வேண்டும். 2022-இல் அது 37, 35, 18 என்று அமைந்தது. சபாநாயகர் தேர்வுக்கு மொத்தத்தில் பெரும்பான்மை மட்டும் போதாது. இரண்டு பெரிய பிரிவுகளிலும் தனித்தனியே பெரும்பான்மை வேண்டும். இல்லாவிட்டால் மொத்தத்தில் 60 சதவீதமும் ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது 40 சதவீதமும் வேண்டும். 37 யூனியனிஸ்ட்டுகளும் ஓட்டுப் போட்டால் 40 சதவீதம் என்பது 15 பேர். டியூபியின் 25 பேரைக் கழித்தால் மிஞ்சுவது 12. அவ்வளவுதான், கதவு சாத்தியாகிவிட்டது. எதிர்ப்பக்கமும் இதே நிலைதான்: 35-க்கு 14 பேர் வேண்டும், ஷின் ஃபேனைக் கழித்தால் இருப்பது 8. இரண்டு கட்சிகளில் எது நினைத்தாலும் சபையைப் பூட்டலாம். 2017-இல் ஷின் ஃபேன் பூட்டியது, மூன்று வருடம். 2022-இல் டியூபி பூட்டியது, இரண்டு வருடம்.

இதில் எனக்குப் பெரிய கோபம் அந்த 18 பேரைப் பற்றித்தான். மூன்றாம் இடம் பிடித்த அலையன்ஸ் கட்சியின் 17 பேர் இதில்தான் வருகிறார்கள். மொத்த எண்ணிக்கையில் மட்டும் இவர்களின் ஓட்டு சேரும். பிரிவு வாரியாக எண்ணும்போது இவர்கள் கணக்கிலேயே இல்லை. இரு முகாமிலும் சேர மறுத்தவருக்கு ஓட்டுச் சீட்டு உண்டு, ஓட்டின் முழு மதிப்பு கிடையாது.

2024 ஜனவரி 18 அன்று ஆசிரியர், நர்ஸ், பஸ் ஓட்டுநர் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அரசுத் துறை ஊழியர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அமைச்சரவை இல்லாததால் சம்பள உயர்வில் கையெழுத்துப் போட ஆளில்லை. மாதக் கடைசியில் லண்டன் அரசு சரக்குச் சோதனையைக் குறைக்கும் ஆவணம் ஒன்றை வெளியிட்டது. 330 கோடி பவுண்டு நிதித் தொகுப்பும் காத்திருந்தது. பிப்ரவரி 3 அன்று மிஷெல் ஓ'நீல் முதல் அமைச்சர், டியூபியின் எம்மா லிட்டில்-பெங்கலி துணை முதல் அமைச்சர். நல்ல நாள்தான். ஆனால் பூட்டு எங்கே மாட்டியிருந்ததோ அங்கேயே இருந்தது.

இப்போது ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 3 வரையிலான அந்த ஒரு வாரத்துக்கு வருகிறேன்.

ஜூலை 28, ஞாயிறு. சட்டமன்றக் கட்டடம் இருக்கும் அதே ஸ்டார்மண்ட் வளாகத்துக் கிரிக்கெட் மைதானத்தில், வட அயர்லாந்தில் நடந்த முதல் டெஸ்ட்டின் நான்காம் நாள். ஜிம்பாப்வேவுக்கு எதிராக 158 ரன் இலக்கு. அயர்லாந்து 21 ரன்னுக்கு 5 விக்கெட்டை இழந்து நின்றது. தெற்கே அயர்லாந்துக் குடியரசின் தலைநகரான டப்ளினின் லோர்கன் டக்கரும் வட அயர்லாந்தின் வடமேற்கிலிருந்து வந்த ஆண்டி மெக்பிரைனும் நின்று ஆடி ஆளுக்கு ஒரு அரைசதம் அடித்தார்கள். 4 விக்கெட் வித்தியாசத்தில் வெற்றி. சொந்த மண்ணில் அயர்லாந்தின் முதல் டெஸ்ட் வெற்றி. கிரிக்கெட் அணி முழுத் தீவுக்கும் ஒன்றுதான். எல்லைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று எந்த ஆட்டக்காரரும் எழுதித் தர வேண்டியதில்லை.

அதே ஞாயிறு மதியம் டப்ளின் குரோக் பார்க்கில், அயர்லாந்தின் சொந்த ஆட்டமான கேலிக் கால்பந்தில் முழுத் தீவுக்குமான இறுதிப் போட்டி. வட அயர்லாந்தின் ஆர்மா கவுன்டி, கால்வேயை 1-11க்கு 0-13 என்று வென்றது. முதல் எண் கோல், இரண்டாவது புள்ளி. ஒரு கோலுக்கு 3 புள்ளி. ஆக 14க்கு 13, ஒரே புள்ளி வித்தியாசம். இரண்டாம் பாதியில் ஆரன் மெக்கே போட்ட அந்த ஒரு கோல்தான் ஆட்டத்தைத் தீர்மானித்தது. அதே வருடம் அல்ஸ்டர் மாகாண இறுதியில் பெனால்டியில் தோற்ற அணி இது. 2002-இல் கேப்டனாகக் கோப்பை தூக்கிய கீரன் மெக்கீனிதான் அப்போது மேனேஜர். ஆர்மாவுக்கு இது இரண்டாவது கோப்பை.

ஜூலை 30, பாரிஸ் ஒலிம்பிக். 800 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீச்சலில் வட அயர்லாந்தில் வளர்ந்த டேனியல் விஃபன் 7:38.19 நேரத்தில் ஒலிம்பிக் சாதனையோடு தங்கம் வென்றார், அயர்லாந்துக்காக. அதே இரவு, அதே குளத்தில், பிரிட்டனின் 4x200 தொடர் நீச்சல் அணிக்குத் தங்கம். தகுதிச் சுற்றில் நீந்திய பெல்ஃபாஸ்ட்காரர் ஜாக் மெக்மிலனுக்கும் அதில் பதக்கம் உண்டு. அவர் டோக்கியோவில் அயர்லாந்துக்காக நீந்தியவர். பிறகு பிரிட்டனுக்கு மாறினார். உலகம் இடிந்துவிடவில்லை. வட அயர்லாந்தில் பிறந்தவர் ஐரிஷ் என்றோ பிரிட்டிஷ் என்றோ இரண்டும் என்றோ தன்னைச் சொல்லிக்கொள்ளலாம், இரு குடியுரிமையும் வைத்துக்கொள்ளலாம் என்று 1998 ஒப்பந்தமே சொல்கிறது. விளையாட்டு அதை அப்படியே நடைமுறைப்படுத்துகிறது.

எங்கே சிக்கும் என்றால், வெளியூர் விதி குறுக்கே வரும்போது. ஜிம்னாஸ்ட் ரைஸ் மெக்லெனகன் ஒலிம்பிக்கில் அயர்லாந்து, காமன்வெல்த் போட்டியில் வட அயர்லாந்து. சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் கூட்டமைப்பின் பதிவில் ஒருவருக்கு ஒரு நாடுதான். அதனால் 2022 பர்மிங்காம் போட்டிக்கு முன் அவரையும் இன்னும் இருவரையும் ஆட முடியாது என்று நிறுத்தினார்கள். எதிர்ப்பு வலுத்ததும் விலக்கு கொடுத்தார்கள். அவர் வெள்ளி வென்றார். 2024 ஆகஸ்ட் 3 அன்று பாரிஸில் பொம்மல் ஹார்ஸ் பிரிவில் தங்கம், அயர்லாந்துக்காக.

அவர் தங்கம் வாங்கிய அதே சனிக்கிழமை பெல்ஃபாஸ்ட்டில் கலவரம். இங்கிலாந்தின் சவுத்போர்ட்டில் சிறுமிகள் கொல்லப்பட்டதற்குப் பிறகு பரவிய பொய்களைப் பிடித்துக்கொண்டு வந்த கூட்டம், வெளிநாட்டவர் நடத்திய கடைகளை உடைத்து எரித்தது. நகர மண்டபத்தின் முன் அன்று பிரிட்டிஷ் கொடியும் ஐரிஷ் மூவர்ணமும் ஒரே கூட்டத்தில் பறந்தன. இரண்டு கொடி சேர்ந்து பறந்தாலே நல்லிணக்கம் என்று நினைப்பவர்கள் இந்தக் காட்சியை ஒருமுறை பார்க்க வேண்டும். வியர்வை சிந்திக் கடை வைத்தவனை அடிப்பதற்காகச் சேர்ந்த ஒற்றுமை அது, அருவருப்பானது.

விளையாட்டு எல்லாவற்றையும் தீர்க்கும் என்றும் நான் சொல்லவில்லை. மேற்கு பெல்ஃபாஸ்ட்டின் கேஸ்மண்ட் பார்க்கைப் பாருங்கள். கால்பந்துக்கு விண்ட்சர் பார்க், ரக்பிக்கு ரேவன்ஹில், கேலிக் ஆட்டத்துக்கு கேஸ்மண்ட் என்று 2011-இல் மூன்று மைதானத்துக்குத் திட்டம் போட்டார்கள். முதல் இரண்டும் கட்டி முடிந்தன. கேஸ்மண்ட் 2013-இல் மூடியது. 2014-இல் கட்டட அனுமதியை நீதிமன்றம் ரத்து செய்தது. 2028 யூரோ கோப்பைக்கு அதைப் பயன்படுத்தலாம் என்றார்கள். 18 கோடி பவுண்டு என்ற மதிப்பீடு 40 கோடியைத் தாண்டக்கூடும் என்று சொல்லி, 2024 செப்டம்பர் 13 அன்று லண்டன் அரசு கைவிரித்தது. கட்ட நேரமில்லை என்பதும் ஒரு காரணம். இந்த நேரம் போனதில் சபை பூட்டிக்கிடந்த வருடங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

பண்பாட்டில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஐரிஷ் மொழியில் ராப் பாடும் நீகேப் குழுவுக்குக் கிடைக்கவிருந்த 14,250 பவுண்டு மானியத்தை அப்போதைய கன்சர்வேடிவ் அமைச்சர் கெமி பேடனாக் தடுத்தார். குழு வழக்குப் போட்டது. நவம்பரில், தடுத்தது சட்டவிரோதம் என்று அரசே ஒப்புக்கொண்டது. அந்தப் பணத்தை அவர்கள் இரண்டாகப் பிரித்து பெல்ஃபாஸ்ட்டின் இரு இளைஞர் அமைப்புகளுக்குக் கொடுத்தார்கள்: ஒன்று நேஷனலிஸ்ட்டுகள் வாழும் கத்தோலிக்கப் பகுதியில், மற்றது யூனியனிஸ்ட்டுகள் வாழும் புராட்டஸ்டன்ட் பகுதியில். அவர்கள் அரசியலோடு எனக்கு எல்லா இடத்திலும் உடன்பாடு இல்லை. இந்தச் செயலை மனதாரப் பாராட்டுகிறேன்.

தலைவர்களும் நகர்ந்தார்கள். லிட்டில்-பெங்கலி, நேஷனலிஸ்ட்டுகள் அதிகம் ஆடும் கேலிக் ஆட்டத்துக்கான மேற்கு பெல்ஃபாஸ்ட் கிளப் ஒன்றுக்குப் போய் மட்டை பிடித்தார். நவம்பர் 10 அன்று பிரிட்டிஷ் போர் நினைவு நாளில் ஓ'நீல் பெல்ஃபாஸ்ட் நினைவுச் சின்னத்தில் மலர் வளையம் வைத்தார். இதற்கெல்லாம் தங்கள் வீட்டுக்குள்ளேயே திட்டு வாங்க வேண்டியிருந்தது என்பதை மறக்கக் கூடாது.

டிசம்பர் 10 அன்று, பிரெக்ஸிட் சரக்கு விதிகள் தொடரலாமா என்று சபையில் வாக்கெடுப்பு. 48க்கு 36 என்று நிறைவேறியது. இந்த வாக்கெடுப்புக்குப் பிரிவு வாரி ஒப்புதல் தேவையில்லை. ஆனால் அப்படி ஒப்புதல் கிடைக்காததால் எட்டு வருடத்துக்குப் பதிலாக நான்கு வருடத்துக்குத்தான் செல்லும். அதாவது, சாதாரணப் பெரும்பான்மையில் முடிவெடுக்கவும், தோற்ற பக்கத்துக்கு ஒரு பாதுகாப்பு வைக்கவும் அங்கே ஏற்கெனவே வழி தெரிந்திருக்கிறது.

அடுத்த சட்டமன்றத் தேர்தல் 2027 மே மாதம். அதற்குள் 1998 சட்டத்தில் இரண்டு திருத்தம் வேண்டும். ஒன்று, சபாநாயகரை மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 60 ஓட்டில் தேர்ந்தெடுக்கலாம், எந்தப் பிரிவு ஓட்டாக இருந்தாலும் சரி. இரண்டு, முதல் அமைச்சர் பதவிகளில் ஒன்றை ஏற்க ஒரு கட்சி மறுத்தால், அந்த உரிமை அடுத்த பெரிய கட்சிக்குப் போக வேண்டும். 1921 முதல் 1972 வரை யூனியனிஸ்ட் ஒற்றைக் கட்சி ஆட்சியைப் பார்த்த ஊர் என்பதால் நேஷனலிஸ்ட்டுகளுக்குப் பயம் உண்டு; இப்போது எண்ணிக்கை குறைந்துவரும் யூனியனிஸ்ட்டுகளுக்கும் அதே பயம் வந்திருக்கிறது. இரண்டும் நியாயமானவை. அதற்குத்தான் 30 உறுப்பினர்கள் கையெழுத்திட்டால் ஒரு மசோதாவுக்குப் பிரிவு வாரி ஒப்புதல் கேட்கும் மனு இருக்கிறது. 2022 முதல் அந்தக் கையெழுத்துகள் ஒரே கட்சியிலிருந்து வந்தால் செல்லாது. ஒரு சட்டத்தைத் தடுக்கும் அந்த உரிமை இருக்கட்டும். அரசையே தடுக்கும் உரிமையை எடுத்துவிடுங்கள்.