சாவா மூவாப் பேராடும் எங்கள் எஃப்.டி.யும்

போன ஞாயிறு எங்கள் பள்ளி முன்னாள் மாணவர் அறக்கட்டளைக் கூட்டத்தில் சண்டை வராத குறைதான். கையில் நாலு லட்சம் இருக்கிறது. மொத்தத்தையும் எஃப்.டி. போட்டுவிடலாம், முதல் அப்படியே இருக்கும், வட்டியில் வருஷத்துக்கு ஒரு பிள்ளைக்கு ஃபீஸ் கட்டலாம் என்று பொருளாளர் அண்ணன் சொல்ல, பாதிப் பேர் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. வாட்ஸ்அப் குழுவில் எழுதி எழுதி அழித்துவிட்டு இங்கே வந்திருக்கிறேன்.

"கோயில் கட்டளையெல்லாம் காலங்காலமா அப்படித்தானே ஓடுது?" என்று கேட்டார் அண்ணன். நல்ல கேள்வி. சோழர் கல்வெட்டுகளில் அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்குப் பெரும்பாலும் 96 ஆடு. ஆடுகளை இடையரிடம் ஒப்படைத்துவிடுவார்கள், அவர் தினமும் ஓர் உழக்கு (கால் படி) நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும், எத்தனை செத்தாலும் எத்தனை குட்டி போட்டாலும் கணக்கில் 96 அப்படியே நிற்கும். அதனால்தான் சாவா மூவாப் பேராடு என்று பெயர் (இந்தப் பெயரை வைத்த கணக்கரைப் பார்க்க எனக்கு ரொம்ப ஆசை). தஞ்சைப் பெரிய கோயில் காசை ஊர்ச் சபைகள் வாங்கிக்கொண்டு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது 12.5 சதவீதம், வட்டி கட்டியதும் கல்வெட்டிலேயே இருக்கிறது.

ஆனால் அண்ணே, அந்த இடையர் அளந்தது நெய். நெய் விலை ஏறினாலும் உழக்கு உழக்குதான், விளக்கு எரியும். நமக்கு வங்கி தருவது ரூபாய். ஏழு சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும் வருஷத்துக்கு 28,000. இந்த வருஷம் நம்மிடம் கேட்டிருக்கும் ஒரு பெண்ணுக்கு நர்சிங் கல்லூரி முதல் தவணையே 40,000. பத்து வருஷம் கழித்தும் நமக்கு வரப்போவது அதே 28,000தான், அப்போது தவணை எவ்வளவு இருக்கும்?

இங்கிலாந்தில் 1928இல் ஒருவர் பெயர் சொல்லாமல் ஐந்து லட்சம் பவுண்டு கொடுத்தார், நாட்டின் கடன் முழுவதையும் அடைக்கும் அளவுக்கு வளரும்வரை தொடக்கூடாது என்று. அது சுமார் 60 கோடி பவுண்டாக வளர்ந்தது. கடன் அதைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டது. கடைசியில் 2022இல் நீதிமன்றம், இது நடக்கிற காரியம் இல்லை, இருப்பதைக் கடனில் கழித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டது.

சேமிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. முப்பது முதியவர்களை வைத்துச் சோறு போடும் இல்லத்துக்கு ஒரு வருஷச் செலவாவது வங்கியில் இருக்கத்தான் வேண்டும், நன்கொடை நின்றுபோனால் அவர்களை எங்கே அனுப்புவது? நாம் அப்படியா? நமக்கு வேலையே ஜூன், ஜூலையில்தான்.

அப்புறம் சட்டம். வரிவிலக்கு வாங்கிய அறக்கட்டளை வருஷ வருமானத்தில் 85 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவிட வேண்டும், மீதி 15 சதவீதத்துக்கு மேல் ஒதுக்கி வைப்பதென்றால் எதற்கு என்று வரித்துறைக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். கார்ப்பஸாக, அதாவது தொடாத முதலாக வைக்கவா, கொடுத்தவர் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும். நமக்குக் கொடுத்தவர்கள் என்ன சொன்னார்கள்? துபாயில் இருக்கும் நம் செட் பையன் 5,000 ரூபாய் போட்டுவிட்டு ஜிபேயில் எழுதியது, "இந்த வருஷம் யாராவது ஒரு பிள்ளைக்கு". ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது.

முடிவு எடுக்காமலே டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். அடுத்த கூட்டம் 27ஆம் தேதி. அந்தப் பெண் பணம் கட்டக் கடைசி நாள் 20.